ஞாயிறு ஆட்டத்துக்கு விசில் வேண்டாம்

எல்லாருக்கும் வணக்கம். இந்த ஞாயிறு காலை 6.30க்கு வியாசர்பாடி மைதானத்தில் நம்ம பசங்களும் கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் முகாம் பிள்ளைகளும் ஃபுட்பால் ஆடுறாங்க. ஊருக்கு ஊர் மோதல் கிடையாது. சீட்டு குலுக்கி, கலந்துதான் டீம்.

நடுவரும் கிடையாது. 1994 உலகக் கோப்பையில் சேம் சைடு கோல் போட்ட கொலம்பியா வீரர் ஆந்த்ரேஸ் எஸ்கோபார் சொந்த ஊர் மெடெயினில் சுட்டுக் கொல்லப்பட்டாரே, அதுக்கப்புறம் அந்த ஊர்த் தெருப் பிள்ளைகளுக்காக உருவான முறை இது. முதல்ல ரெண்டு டீமும் உட்கார்ந்து விதிகளைப் பேசி முடிக்கணும். அப்புறம் ஆட்டம். பிறகு மறுபடி உட்கார்ந்து, யார் நேர்மையா ஆடினாங்கன்னு அவங்களே பாயின்ட் போடணும். முதல் கோலைப் பொண்ணு அடிச்சாத்தான் பசங்க கோல் கணக்கில் சேரும். ஃபவுல் பண்ணினவங்களே கையைத் தூக்கிடணும் (நம்ம ஏரியாவுல இது நடக்குமான்னு பார்க்கத்தான் எனக்கு ஆசை!). வெயில் ஏறுதுன்னு கடைசிப் பேச்சை மட்டும் சுருக்கிடாதீங்க, கோலைவிட அதுதான் முக்கியம்.

முகாம் பிள்ளைகள் பலரும் இங்கேயே பிறந்தவங்க. "அங்க என்னப்பா நடந்துச்சு"ன்னு துருவ வேண்டாம், செல்ஃபியும் வேண்டாம். தானா சொன்னா காது கொடுங்க.

பழைய ஸ்டட்ஸ் (ஃபுட்பால் ஷூ) இருந்தா சனிக்கிழமைக்குள்ள கொடுத்துடுங்க, சின்ன சைஸ்தான் தேவை. தண்ணி கேனுக்கு ரெண்டு பேர் இங்கேயே பேர் போடுங்க.