சங்கிலி எடுக்கப்போகும் மகளுக்கு

ஜார்ஜ்டவுன், பினாங்கு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். உன் நலனையும் அவ்வாறே விரும்புகிறேன். சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணத்தில் தீபாவளிக்குள் ஒரு தங்கச் சங்கிலியும் இரண்டு வளையல்களும் எடுக்கப் போவதாகவும், கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பகுதியில் ஏறி இறங்கிய நகைக்கடைகளில் ஆளுக்கொன்று சொல்வதால் 999 எடுப்பதா 916 எடுப்பதா என்று குழப்பமாக இருப்பதாகவும் சொன்னாய். தொலைபேசியில் பேசினால் பேச்சு உன் கல்யாணத்தில் போய் நின்றுவிடும், நீயும் கோபித்துக்கொள்வாய். ஆகையால் எழுதியே அனுப்புகிறேன்.

அன்றாடம் அணிய 916 தான் சரி. அதில் இரண்டாவது யோசனை வேண்டாம். 999 என்பது 24 காரட், ஏறக்குறைய கலப்பே இல்லாத தங்கம். 916 என்பது 22 காரட், அதாவது ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கமும் எஞ்சிய பங்கில் பெரும்பாலும் செம்பும் வெள்ளியும் சேர்ந்தது. கலப்பு என்றவுடன் முகத்தைச் சுளிக்காதே. சுத்தத் தங்கம் அத்தனை மென்மையானது. அதை மெல்லிய சங்கிலியாகச் செய்தால் நீண்டு கொடுக்கும், வளையலாகச் செய்தால் மேசையில் இடித்த இடமெல்லாம் நசுங்கும். அந்த மென்மைக்கு ஓர் உறுதி கொடுக்கத்தான் செம்பையும் வெள்ளியையும் சேர்க்கிறார்கள். செம்பு சற்றுக் கூடினால் நிறம் சிவப்பேறும், வெள்ளி கூடினால் வெளிறும். ஆகவே 916 முத்திரையுள்ள இரண்டு நகைகள் வெவ்வேறு நிறத்தில் தெரிந்தால் ஒன்று மட்டம் என்று முடிவுகட்டிவிடாதே. சேமிப்புக்குத்தான் தங்கம் வேண்டுமென்றால் 999 கட்டியாகவோ, 2001-ஆம் ஆண்டிலிருந்து நம் நாட்டில் வெளிவரும் கிஜாங் எமாஸ் தங்க நாணயமாகவோ வாங்கிப் பெட்டகத்தில் வைக்கலாம். அது வேறு கணக்கு, கழுத்துக்கு உரியதன்று.

நீ படம் அனுப்பியிருந்த அந்தப் பளபளப்பான 3டி தங்கத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது 999 தான், பொய்யில்லை. மின்முறையில் மெல்லிய ஓடாகப் படியவைத்துக் கடினப்படுத்திச் செய்கிறார்கள், உள்ளே வெற்றிடம். பார்வைக்குப் பருமனாகவும் எடைக்கு இலேசாகவும் இருப்பதன் காரணம் அதுதான். ஆனால் அது நசுங்கினால் நிமிர்த்த முடியாது, அறுந்தால் சூடுகாட்டிப் பற்றவைக்கவும் முடியாது, ஏனெனில் சூடு பட்டவுடன் அந்தக் கடினம் போய்விடும். செய்கூலியும் அதிகம். அதைப் பரிசாக யாராவது கொடுத்தால் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள். உன் பணத்தைக் கொண்டுபோய் அதில் போடாதே.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. எல்லோரும் முத்திரையைப் பார்க்கிறார்கள். அதைப் பார்ப்பது எளிது, இப்போது கடைகளில் காரட் பார்க்கும் கருவியே இருக்கிறது. முத்திரை தங்கத்தின் தரத்தைச் சொல்லும். அந்த நகை எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதைச் சொல்லாது. அதைச் சொல்வது கொக்கியும், கொக்கி மாட்டும் வளையமும், பற்றவைத்த இடங்களும்தான். உன் பெரியம்மாவின் தாலிக்கொடியை அண்மையில் பத்தரிடம் கொண்டுபோயிருந்தோம். அவர் அதைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துக் காட்டினார். கொடியின் நடுப்பகுதி வாங்கிய நாளில் இருந்ததுபோல உருண்டு திரண்டு இருந்தது; பெரியம்மா வழக்கமாக ஊக்குகளைக் கோத்துவைக்கும் இடத்தில் மட்டும் ஒரு கண்ணி உட்புறமாக அரைபட்டு, நூல் அளவுக்கு மெலிந்து, வெட்டுப்பட்ட இடம் கூர்மையாக மின்னியது. ஊக்கு எஃகு, கொடி பொன். எஃகு அசைந்து அசைந்து பொன்னை அறுத்திருக்கிறது. இன்னும் சில மாதம் விட்டிருந்தால் தைப்பூசக் கூட்டத்தில் தண்ணீர்மலையில் எங்கேயோ விழுந்திருக்கும். பத்தர் அந்தக் கண்ணியை எடுத்துவிட்டுப் புதிதொன்றைச் சேர்த்துக் கொடுத்தார். கெட்டிக் கம்பியில் செய்த நகை என்பதால் அது முடிந்தது.

ஆகவே கடையில் சங்கிலியைக் கையில் வாங்கியவுடன் வேலைப்பாட்டைப் பார்க்காதே. கொக்கியைத் திறந்து மூடிப் பார்; வாய் இறுக்கமாக மூடுகிறதா, கடைசி வளையத்தின் இணைப்பு பற்றவைக்கப்பட்டிருக்கிறதா அல்லது வெறுமனே வளைத்து விடப்பட்டிருக்கிறதா என்று கவனி. பிறகு இரு விரல்களுக்கிடையே சங்கிலியை மெதுவாக இழுத்துக்கொண்டே போ; எங்காவது விரைப்பாக நின்றால் அங்கே பற்றவைக்க உருக்கிய உலோகம் அதிகமாக ஓடிக் கண்ணிகளை ஒட்டவைத்திருக்கும், நாளை முதலில் முறிவது அந்த இடமாகத்தான் இருக்கும். கண்ணிகள் கெட்டியா, உள்ளே வெற்றிடமுள்ள கூடுகளா என்று நேரடியாகக் கேள். கூடாக இருந்தால் எவ்வளவு அழகாக இருந்தாலும் வைத்துவிடு. பதக்கம் கோக்கப் போகிறாய் என்றால் பதக்கத்தின் காது அகலமாக இருக்கட்டும். ஒடுங்கிய காது ஒரே இடத்தில் உராய்ந்து சங்கிலியைத் தேய்க்கும். வளையலும் அப்படியே. மிக மெல்லிய இரண்டை ஒரே கையில் போட்டால் ஒன்றையொன்று உரசிக்கொண்டே இருக்கும். ஒரு கைக்கு ஒன்றாக, சற்றுக் கனமாக எடுத்துக்கொள்.

விலை விஷயத்தில் விலைப்பலகையைப் பார்த்து ஏமாறாதே. ஒரு கடை கிராமுக்கு விலையைக் குறைத்துப் போட்டுச் செய்கூலியில் ஈடுகட்டும்; இன்னொன்று செய்கூலியே இல்லை என்று விளம்பரம் செய்து கிராம் விலையில் ஏற்றிவைக்கும். மொத்தத் தொகையை எடையால் வகுத்துப் பார்த்தால் எந்தக் கடை மலிவு என்பது வெளிச்சமாகிவிடும். நாளை விற்கும்போது செய்கூலி திரும்பி வராது. ஆகவே பொடிப்பொடியான வேலைப்பாட்டுக்குக் கொடுக்கும் பணம் போனதுதான் என்று எண்ணிக்கொண்டே கொடு. திரும்ப எடுக்கும்போது எவ்வளவு கழிப்பீர்கள் என்று வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடு. பில்லில் எடை, தர எண், கிராம் விலை, செய்கூலி எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும். இந்தியாவிலிருந்து சித்தி கொண்டுவந்து தருகிறேன் என்றாளாம். எட்டு கிராம் பவுன் கணக்கில் அவள் சொல்வதையும் இங்குள்ள கிராம் கணக்கில் நீ கேட்பதையும் ஒன்றாக்கி ஒப்பிட்டுக்கொள். இந்தியாவில் 2023 ஏப்ரல் முதல் விற்கும் ஹால்மார்க் (தர முத்திரை) நகையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறியும் இருக்க வேண்டும், அதையும் பார்க்கச் சொல்.

கல் வைத்தது இப்போதைக்கு வேண்டாம் என்பது என் எண்ணம். ஆசையாக இருந்தால் கல் நீக்கிய எடையைத் தனியே எழுதி வாங்கு. பாட்டியின் கெம்பு அட்டிகை உன்னிடம்தான் வரப்போகிறது, அதையும் இப்போதே சொல்லிவைக்கிறேன்: அதன் கற்களுக்குப் பின்னால் அரக்கு இருக்கிறது. அதை நீரில் போடக் கூடாது, வெந்நீரில் அறவே கூடாது, கடைகளில் அதிர்வில் கழுவும் இயந்திரத்திலும் போடக் கூடாது. காய்ந்த மெல்லிய தூரிகையால் தட்டி, பருத்தித் துணியால் துடைத்தாலே போதும்.

சங்கிலியையும் வளையலையும் கழுவுவதற்கு ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான நீரும், பாத்திரம் கழுவும் திரவத்தில் ஓரிரு சொட்டும், குழந்தைகளின் பல்துலக்கியும் போதும். பாட்டி பூந்திக்கொட்டையை ஊறவைத்த நீரில் கழுவுவார், அதுவும் நல்லதே. பற்பசையைத் தொடாதே, அதிலுள்ள பொடி கீறிவிடும். கழுவும் தொட்டியின் வாயை முதலில் அடைத்துவிடு. நீ வாரந்தோறும் கொண்டோமினிய நீச்சல் குளத்தில் இறங்குகிறாய் அல்லவா, அப்போது நகையைக் கழற்றிவிட்டுப் போ. குளோரின் தங்கத்தை அவ்வளவாக ஒன்றும் செய்யாது, ஆனால் கலந்திருக்கும் செம்பையும் பற்றவைத்த இடங்களையும் மெல்ல மெல்ல அரிக்கும்.

இன்னொன்று, கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். முகம் வெளுக்கும் என்று உன் தோழி கொடுத்த அந்தப் பூச்சைத் தூக்கி எறி. அப்படிப்பட்ட சில பூச்சுகளில் பாதரசம் இருப்பதாக நம் சுகாதார அமைச்சே எச்சரித்திருக்கிறது. பாதரசம் பட்டால் தங்கம் வெள்ளைத் திட்டாக மாறும்; பொன்னையே அப்படிச் செய்வதை முகத்தில் தடவுவானேன்?

மெருகு போடுகிறேன் என்று ஒவ்வோர் ஆண்டும் கடைக்கு ஓடாதே. தேய்க்கும்போதெல்லாம் சிறிதளவு தங்கம் போகிறது. வீட்டு வாசலில் வந்து நகையை அமிலத்தில் நனைத்துப் பளபளக்கச் செய்து தருகிறேன் என்பவனிடம் ஒருபோதும் கொடுக்காதே. இராஜதிராவகம் என்னும் அமிலம் பொன்னைக் கரைக்கும், நகை மின்னிக்கொண்டு திரும்பி வரும், எடை அவன் கிண்ணத்தில் நிற்கும். பத்தரிடம் கொடுத்தாலும் முன்னும் பின்னும் எடை போட்டுப் பார்ப்பது தவறன்று. நல்ல பத்தர் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வைக்கும்போது ஒவ்வொன்றையும் தனித்தனித் துணிப்பையில் வை. உன் வைரத்தோட்டைச் சங்கிலியோடு சேர்த்துப் போட்டால் வைரம் சங்கிலியைக் கீறும். பில்களைப் படம் எடுத்து எனக்கும் அனுப்பிவை, நகை இருக்கும் பெட்டியிலேயே பில்லை வைக்காதே.

வாங்குவதற்கு முன் கொக்கியைக் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பு, பத்தரிடம் காட்டுகிறேன். பொங்கலுக்கு வரும்போது உன் பழைய தோட்டையும் எடுத்து வா. அதன் திருகு தளர்ந்திருக்கிறது, போன முறை நீ தலையணையில் தேடியது நினைவிருக்கும். பேருந்தில் வருவதானால் நகையைப் பெட்டியில் போடாமல் கைப்பையிலேயே வைத்துக்கொள்.

அன்புடன்,
அம்மா