மாயா கிண்ணங்களை வைத்திருக்கும் அருங்காட்சியகங்களுக்கு ஒரு திறந்த மடல்

காப்பாட்சியர்களுக்கும் அறங்காவலர்களுக்கும் வணக்கம்.

மத்திய அமெரிக்காவின் பண்டைய மாயா மன்னர்கள் கக்காவோ (சாக்லேட் செய்யும் கொட்டையின் பானம்) குடித்த வண்ணக் கிண்ணங்கள் உங்கள் கண்ணாடிப் பேழைகளில் மின்னுகின்றன. பலவற்றின் பக்கத்தில் "குவாத்தமாலா, பெத்தேன் பகுதியாக இருக்கலாம்" என்று ஒரு சீட்டு. பெத்தேன் 35,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்த மாகாணம்! திருடர்கள் தோண்டி எடுத்து, தரகர் கைமாறி வந்த பொருளுக்கு இதற்கு மேல் விலாசம் கிடைக்காது.

வேதியியல் கைகொடுக்கும் என்பீர்கள். கொடுத்திருக்கிறது, மறுக்கவில்லை. கிண்ணத்தின் அடியில் சுரண்டிய சிட்டிகைப் பொடியை அணு உலையில் நியூட்ரான் கதிருக்கு உட்படுத்தி, மண்ணிலுள்ள தனிமங்களை அளக்கிறார்கள். இளஞ்சிவப்பு எழுத்துகள் கொண்ட ஒரு வகைக் கிண்ணங்களை பெத்தேன் இட்சா ஏரிக்கு அருகிலுள்ள மொத்துல் தே சான் ஹோசே வட்டாரத்தோடு இணைத்தது இந்த முறைதான். ஆனால் களிமண் சொல்வது பிறந்த ஊரை மட்டும். புகுந்த ஊரைப் புதைகுழிதான் சொல்லும்.

பெலீஸ் நாட்டின் புவெனாவிஸ்தா தெல் காயோவைப் பாருங்கள். 1988இல் அங்கே ஓர் இளைஞனின் கல்லறையில் தொல்லியலாளர்கள் ஜெனிஃபர் டாஷெக், ஜோசப் பால் குழுவினர் ஒரு கிண்ணத்தைக் கண்டெடுத்தார்கள். அதிலிருந்த எழுத்தோ, கி.பி. 693இல் சிறுவனாக அரியணை ஏறிய, இன்றைய குவாத்தமாலாவிலுள்ள நாரன்ஹோ நகரின் மன்னர் காக் திலிவ் சான் சாக்கின் பெயர். மன்னரின் கிண்ணம், அவருடைய தலைநகரில் இல்லாமல், பக்கத்துச் சிற்றூரில் வேறொருவன் குழிக்குள்! பெரிய அரசு தன் கீழிருந்த குடும்பங்களைப் பரிசு கொடுத்துக் கட்டிப்போட்டது என்று ஆய்வாளர்கள் வாதிட இது பிடிமானமாயிற்று. இதே கிண்ணம் திருடர் வழியாக உங்களிடம் வந்திருந்தால் "நாரன்ஹோ, குவாத்தமாலா" என்று சீட்டு ஒட்டியிருப்பீர்கள். ஊரும் தப்பு, நாடும் தப்பு.

குலைந்த குழியை யாராலும் திரும்ப அடுக்க முடியாது. ஆனால் உங்கள் அலமாரிகளில் தரகர்களின் கடிதங்களும் விலைச்சீட்டுகளும் சுங்கத் தாள்களும் கிடக்கின்றன. "இந்த மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்தவை" என்று எவனாவது ஒரு தரகன் கிறுக்கிய வரிகூட இன்று துப்புதான். வழக்கு வரும், கிண்ணத்தைத் திருப்பிக் கேட்பார்கள் என்று உங்கள் வழக்கறிஞர்கள் தடுக்கக்கூடும். கேட்கட்டுமே, குவாத்தமாலாவுக்கும் பெலீசுக்கும் அந்த உரிமை இருக்கிறது.

அந்தக் கோப்புகளை, பொடிச் சோதனை முடிவுகளோடு சேர்த்து, யாரும் பார்க்கும்படி இணையத்தில் ஏற்றுங்கள். அதுவரை தோண்டிய இடம் தெரியாத கிண்ணம் எதையும், நன்கொடையாக வந்தாலும், வாங்காதீர்கள்.

இப்படிக்கு,
தொல்லியல் வாசகர் ஒருவர்