சுனிதி சாலமனின் பணி 1986-இல் முடிந்துவிடவில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று இருப்பதை 1986-இல் முதன்முதலாகக் கண்டறிந்த டாக்டர் சுனிதி சாலமன் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ரத்த வங்கியில் லேப் டெக்னீஷியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அந்தப் பெயரை அச்சில் பார்த்ததே சந்தோஷம். ஆனால் கட்டுரை 1986-இல் தொடங்கி அந்த வருடத்திலேயே நின்றுவிட்டது. 2015-இல் இறக்கும்வரை அவர் செய்த வேலையைப் பற்றி ஒரு பத்திகூட இல்லை.

முதல் கண்டுபிடிப்பு பெரியதுதான், மறுக்கவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த அவர்தான் மாணவி நிர்மலாவை எய்ட்ஸ் ஆய்வில் இறக்கியவர். நம் ஊரில் அந்த நோய் எங்கே வரப்போகிறது என்று எல்லாரும் நம்பிய காலம். காப்பகத்தில் இருந்த பெண்களிடம் நிர்மலா கையுறைகூட இல்லாமல் ரத்தம் எடுத்தார். ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியான சீரத்தைப் பிரித்து வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தார். பிறகு ஐஸ் பெட்டியோடு ராத்திரி ரயிலேறி வேலூர் சி.எம்.சி.க்குப் போனார். அங்கே டாக்டர் ஜேக்கப் ஜானின் ஆய்வகத்தில் ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின, அதாவது தொற்று இருந்தது. எலிசா என்ற அந்த ரத்தப் பரிசோதனைக்கான தட்டில் வரிசையாக நிறமில்லாமல் கிடக்கும் குழிகளுக்கு நடுவே ஒன்று மட்டும் மஞ்சளானால் கை தானாக நின்றுவிடும். அந்த வேலை செய்தவர்களுக்குத் தெரியும். இத்தனை பாடுபட்ட நிர்மலாவின் பெயரையும் உங்கள் கட்டுரை விட்டுவிட்டது.

சரி, அப்புறம் என்ன நடந்தது? 1993-இல் சுனிதி தன் தந்தையின் பெயரில் ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்தைத் தொடங்கினார். நோயாளியைத் தொடவே மருத்துவர்கள் தயங்கிய நாட்களில் அங்கே சிகிச்சையும் ஆலோசனையும் ஆராய்ச்சியும் ஒரே கூரையின் கீழ் நடந்தன. தொற்றோடு அங்கே வந்த பெண்களில் பெரும்பாலோர் கணவரைத் தவிர வேறு ஆணை அறியாதவர்கள் என்பதை அவரது குழு எழுதியது. 'ஒழுக்கம் கெட்டவர்களுக்கு வரும் நோய்' என்ற பேச்சுக்கு அதைவிட நேரான பதில் இல்லை.

அதைவிடவும் முக்கியமானது எச்.ஐ.வி. பரவுவதைத் தடுப்பது பற்றிய எச்.பி.டி.என். 052 என்ற பன்னாட்டு ஆய்வு. தம்பதியில் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்து மற்றவருக்கு இல்லாத 1763 ஜோடிகள், 9 நாடுகள். சென்னையில் அதை நடத்தியது ஒய்.ஆர்.ஜி. கேர். தொற்று உள்ளவர்களில் ஒரு பிரிவினருக்கு, வைரஸைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மருந்தை உடனே கொடுத்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு, அன்றைய வழக்கப்படி, எதிர்ப்பு சக்தி நன்றாகக் குறைந்த பிறகு. 2011-இல் கணக்குப் பார்த்தபோது, துணையிடமிருந்து தொற்றியது என்று உறுதியான 28 பேரில் 27 பேர் தாமதமாக மருந்து தொடங்கிய பிரிவில் இருந்தார்கள். சீக்கிரம் மருந்து கொடுத்தால் தொற்றுவது 96 சதவீதம் குறைகிறது என்பது அப்படித்தான் தெரிந்தது. தொற்று உறுதியான உடனே மருந்து என்று 2017-இல் இந்தியா விதியை மாற்றியதற்குப் பின்னால் இந்த ஆய்வும் இருக்கிறது. ஒழுங்காக மருந்து சாப்பிட்டு, வைரஸ் பரிசோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்துவிட்டவரிடமிருந்து உடலுறவு வழியாகத் துணைக்குத் தொற்றாது என்று இன்று உறுதியாகவே சொல்கிறார்கள்.

இந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை என்பதுதான் என் ஆதங்கம். எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணி பல வருடங்களாக மருந்தை ஒரு நாளும் விட்டதில்லை. கர்ப்பப்பை அறுவை சிகிச்சைக்காக ஒரு தனியார் மருத்துவமனையில் தேதிகூடக் குறித்துவிட்டார்கள். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும், "இங்கே வசதி இல்லம்மா, ஜி.எச்.சுக்குப் போயிடுங்க" என்று ஃபைலைக் கையில் கொடுத்துவிட்டார்கள். எல்லா நோயாளிக்கும் எடுக்க வேண்டிய அதே பாதுகாப்பு முறைகளே அவருக்கும் போதும். எச்.ஐ.வி.யைக் காரணம் காட்டி சிகிச்சை மறுக்கக் கூடாது என்று 2017-இல் சட்டமே வந்துவிட்டது.

தயவுசெய்து ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்துக்கு ஒரு நிருபரை அனுப்புங்கள். ஆய்வில் பங்கெடுத்த தம்பதிகளின் பெயர் வெளியே வரக் கூடாது, அது சரி. ஆனால் அவர்களிடம் விஷயத்தைப் பக்குவமாகச் சொல்லி, மருந்தை விடாமல் சாப்பிட வைத்த செவிலியர்களும் ஆலோசகர்களும் இருப்பார்கள். அவர்களிடம் கேட்டு அடுத்த கட்டுரையை எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன்,
திருவண்ணாமலை