பாப்பாவுக்கு, மெழுகு உருக்கும்போது

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய மூன்று படங்களும் வந்தன. கூட ஒரு வரிகூட இல்லை. வேலை இருந்திருக்கும், பரவாயில்லை. மெழுகுவர்த்தி நன்றாக வந்திருக்கிறது. வரிப்பள்ளங்கள் மேலிருந்து கீழ்வரை பிசிறில்லாமல் விழுந்திருக்கின்றன. அம்மா படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

அடிப்பக்கத்தைக் காட்டும் படத்தில் திரியை ஒட்டி ஒரு குழி இருக்கிறது. அதைத்தான் கேட்கிறாய் என்று எடுத்துக்கொள்கிறேன். பாரஃபின் மெழுகு ஆறும்போது சுருங்கும். அச்சை ஒட்டிய பகுதி முதலில் கெட்டிப்பட்டுவிடும். நடுவில் இன்னும் இளகியிருப்பது அந்தச் சுவரை நோக்கி இழுபடுவதால் திரியைச் சுற்றி வெற்றிடம் விழுகிறது. அச்சில் தலைகீழாக ஊற்றுவதால் அது அடியில் தெரிகிறது. வெளியே தெரிவது கொஞ்சம்தான், உள்ளே அதைவிட நீளமாகப் பொந்து இருக்கும். எரியும்போது உருகிய மெழுகு அதற்குள் இறங்கிவிடும், சுடர் தடுமாறும்.

ஊற்றி முக்கால் மணி, ஒரு மணி நேரத்தில் மேலே தோல் கட்டும். அப்போது ஒரு பின்னல் ஊசியால் திரிக்குப் பக்கத்தில் மூன்று நான்கு இடங்களில் ஆழமாகக் குத்து. அச்சின் அடிவரை போக வேண்டாம், அங்கேதான் மெழுகுவர்த்தியின் தலை இருக்கிறது. ஓட்டை மூடிக்கொண்டால் மறுபடி குத்து. நன்றாகச் சுருங்கிய பிறகு, மீதி மெழுகை முதல் தடவையைவிட 5 டிகிரி கூடுதல் சூட்டில் நிரப்பு. முதலில் ஊற்றிய மட்டத்துக்கு ஒரு மயிரிழை கீழேயே நிறுத்திவிடு. அதைத் தாண்டினால் மெழுகு அச்சுக்கும் மெழுகுவர்த்திக்கும் நடுவே வழிந்து இறங்கும். பிறகு கழற்றும்போது மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

இதற்கு மெழுகு மிச்சம் இருக்க வேண்டும். நீ குத்துமதிப்பாக உருக்குகிறாய் என்று நினைக்கிறேன். அச்சில் தண்ணீர் ஊற்றி அளந்துகொள். 500 மில்லி பிடித்தால் 450 கிராம் மெழுகு, நிரப்புவதற்கு மேலே 50 கிராம். அளந்த பிறகு அச்சை நன்றாகத் துடைத்துக் காயவிடு. ஒரு சொட்டுத் தண்ணீர் தங்கினாலும் அந்த இடத்தில் அம்மைத் தழும்பு மாதிரிப் புள்ளி விழும், எரியும்போது படபடவென்று வெடிக்கும்.

அடுப்பை விட்டு நகராதே. படம் வந்த நேரம் இரவு இரண்டேகால். அந்த நேரத்தில் நீ ஏன் விழித்திருந்தாய் என்று நான் கேட்கவில்லை. தூக்கக் கண்ணோடு மெழுகு உருக்கக் கூடாது என்று மட்டும் சொல்கிறேன். பாரஃபின் 60 டிகிரியை ஒட்டி உருகிவிடும். அதற்குப் பிறகு தண்ணீர் மாதிரிக் கொதித்துச் சத்தம் போட்டு எச்சரிக்காது, சாதுவாக நின்றபடியே சூடேறிக்கொண்டே போகும். 200 டிகிரிக்குப் பக்கத்தில் அதன் ஆவி தீப்பிடிக்கக்கூடிய நிலைக்கு வந்துவிடும். அதனால் ஒரு பெரிய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அதற்குள் மெழுகுப் பாத்திரத்தை வை. வெளியே தண்ணீர் இருக்கும்வரை மெழுகு 100 டிகிரியைத் தாண்டாது. தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள். பொருத்தமான மூடி ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். தீப்பிடித்தால் அடுப்பை அணை, மூடியால் மூடு, பாத்திரத்தை நகர்த்தாதே. தண்ணீர் ஊற்றவே கூடாது. ஊற்றினால் எரிகிற மெழுகு நாலாபக்கமும் தெறிக்கும். போன் வந்தால்கூட நகராதே. நாங்கள் கூப்பிட்டாலும்தான்.

கையில் மெழுகு பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். ஒட்டியிருப்பதைப் பிய்க்கக் கூடாது, தோலும் கூடவே வரும். பொதுவாகச் சொல்கிறேன்.

சூட்டளவு: சிலிகான் அச்சுக்கு 80 டிகிரி போதும். அலுமினிய அச்சு என்றால் 85 முதல் 90, அச்சையும் லேசாக வெதுவெதுப்பாக்கிக்கொள். குளிர்ந்த அச்சில் ஊற்றினால் பக்கவாட்டில் படிப்படியாகக் கோடு விழும். ஸ்டியரிக் அமிலம் பத்துக்கு ஒரு பங்கு, 450 கிராமுக்கு 45 கிராம், அலுமினிய அச்சுக்கு மட்டும். அதைச் சேர்த்தால் மெழுகு நன்றாகச் சுருங்கி அச்சை விட்டுத் தானாகக் கழன்று வரும். உன் சிலிகான் அச்சுக்கு அது வேண்டாம். அதை வளைத்து உரித்துவிடலாம், அமிலம் நாளடைவில் சிலிகானைக் கெடுக்கும். வாசனை எண்ணெய் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் போனால் மெழுகுவர்த்தி வியர்க்கும், எண்ணெய் வெளியே கசியும். வண்ணத்துக்கு மெழுகுக்கென்று விற்கும் சாயம்தான். கிரேயான் திரியை அடைத்துவிடும்.

திரிதான் கஷ்டம். இதில் யார் சொல்வதையும் நம்பாதே, என்னையும் சேர்த்து. ஒரே அளவு மெழுகுவர்த்தி மூன்று செய்து மூன்று தடிமனில் திரி போட்டு எரித்துப் பார். குறுக்களவு 7 செ.மீ. என்றால் மூன்று மணி நேரத்தில் உருகிய குளம் விளிம்புக்கு ஒரு செ.மீ. தள்ளி நிற்க வேண்டும். திரி மெலிந்தால் நடுவில் கிணறு தோண்டும். தடித்தால் புகையும், சுவர் சரிந்து மெழுகு வழியும். போடுவதற்கு முன் திரியை உருகிய மெழுகில் குமிழி அடங்கும்வரை ஊறவைத்து நேராக இழுத்துக் காயவை. கொளுத்தும்போதெல்லாம் 6 மி.மீ. விட்டு நறுக்கு.

ஒன்று சொல்ல வேண்டும். டப்பாவை நேரே தீயில் வைத்து உருக்குவதை நீ யாரிடம் பார்த்தாய் என்று எனக்குத் தெரியும். தெர்மாமீட்டர் எதற்கு, கையை மேலே காட்டினாலே சூடு தெரியும் என்று சொன்னதும் நான்தான். அதைக் கைத்திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெறும் சோம்பல். அத்தனை வருடம் ஒன்றும் ஆகாமல் போனதும் தற்செயல்தான். நீ பக்கத்தில் நின்று ஊற்றும்போதெல்லாம் கோடு விழுந்திருக்கிறது, திரி கோணல் என்றுதான் சொல்லியிருக்கிறேன். சுடுகிறதா என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

அச்சை எப்படிக் காப்பாற்றுவது என்று எழுத நினைத்தேன். இரவு முழுக்க ஆறட்டும், குளிர்பெட்டியில் வைத்து அவசரப்படுத்தினால் விரிசல் விடும். பிளவுள்ள அச்சு என்றால் ரப்பர் வளையத்தை இறுக்கிப் போடாதே, வடிவம் கோணும். கத்தி வைத்து நெம்பாதே, ஒரு கீறல் விழுந்தால் அதற்குப் பிறகு வரும் எல்லா மெழுகுவர்த்தியிலும் அந்தக் கீறல் இருக்கும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவு. தேய்க்காதே. மிச்ச மெழுகைத் தொட்டியில் கொட்டாதே, குழாய் அடைத்துக்கொள்ளும். பச்சைப் பெட்டியில் இருந்த தெர்மாமீட்டரைத் தேடி எடுத்துவிட்டேன், சரியாகத்தான் காட்டுகிறது. அனுப்புகிறேன்.

மூன்றாவது படத்தின் ஓரத்தில் உன் கை தெரிகிறது. கட்டுப் போட்டிருப்பது எந்தக் கை என்று தெரியவில்லை. அம்மா அதைக் கவனிக்கவில்லை, நானும் சொல்லவில்லை. வலது கை என்றால் அது ஆறும்வரை எதையும் ஊற்றாதே. எந்தக் கை என்று மட்டும் எழுது.

அப்பா