கையுறைக்கு முன்னால் டேங்கைப் பார்

பீன்யா, பெங்களூரு

அன்புள்ள முருகேசா,

பேத்தி பிறந்த சேதியில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். குழந்தைக்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள்?

உன் பட்டறை ஆட்களின் கை வெடிப்பைப் பற்றி எழுதியிருந்தாய். கையுறை ஆர்டர் கொடுக்கப் போகிறேன் என்றாயே, கொஞ்சம் பொறு. லேத், டிரில்லிங் இரண்டிலும் சுற்றுகிற ஸ்பிண்டில் பக்கத்தில் கையுறை கூடவே கூடாது. நுனி சிக்கினால் விரலையும் சேர்த்து இழுத்துவிடும். டேங்க் கழுவும்போது மட்டும் நைட்ரைல் கையுறை போடட்டும்.

முதலில் டேங்கில் இருக்கும் கூலன்ட்டைப் பார், வெட்டும் இடத்தைக் குளிர்விக்க எண்ணெயும் தண்ணீரும் கலந்து விடுகிறோமே, அதை. பொதுவான வேலைக்கு எண்ணெய் 5 முதல் 8 சதவீதம் போதும். மெஷின் ஓட ஓடத் தண்ணீர் ஆவியாகும், எண்ணெய் தங்கிவிடும். அது தெரியாமல் குத்துமதிப்பாக இன்னும் ஒரு மக் எண்ணெய் ஊற்றினால் கலவை கெட்டியாகி, தோலில் உள்ள எண்ணெய்ப் பசையை எடுத்துவிடும். கலவையின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று வாங்கு. அதன் கண்ணாடியில் கூலன்ட் இரண்டு சொட்டு விட்டு, மூடி, வெளிச்சத்தைப் பார்த்துப் பிடி. கோடு 4-இல் நின்று, கூலன்ட் டப்பாவில் போட்டிருக்கும் காரணி 1.5 என்றால், இரண்டையும் பெருக்கு, கலவை 6 சதவீதம். கோடு மங்கலாகத் தெரிந்தால் மெஷினின் சறுக்குத் தடங்களுக்குப் போடும் ஸ்லைடுவே ஆயில் கலந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த எண்ணெய் மேலே படலமாக மூடிக்கொண்டால் அடியில் காற்றுப் போகாமல் பாக்டீரியா பெருகும். திங்கட்கிழமை காலை மெஷினைப் போட்டதும் வரும் அழுகல் நாற்றம் அதுதான். படலத்தைத் தினமும் வழித்தெடுக்கச் சொல். நாற்றத்துக்குப் பயந்து கிருமிநாசினியை இஷ்டத்துக்குக் கொட்டாதே; அதிலேயே பலருக்கு அலர்ஜி பிடிக்கும், பிடித்தால் லேசில் விடாது.

தண்ணீர் ஆவியாகி டேங்கில் மட்டம் குறைந்தால், அதை நிரப்ப 1, 2 சதவீதக் கலவையே போதும். எப்போதும் தண்ணீரில்தான் எண்ணெயை ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றினால் சரியாகக் கலக்காமல் திரிந்துவிடும்.

அடுத்தது கை கழுவும் இடம். பாதிக் கெடுதல் அங்கேதான் நடக்கிறது. மண்ணெண்ணெய், தின்னர், துணி சோப்புத் தூள் மூன்றையும் அங்கிருந்து அப்புறப்படுத்து. காரம் குறைந்த திரவ சோப்பு வை. உலோகச் சீவல் ஒட்டிய பனியன் வேஸ்ட்டால் கை துடைப்பது உப்புத்தாளால் தேய்ப்பது மாதிரி. கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியாகக் கூலன்ட் உள்ளே இறங்கும். துடைக்கத் தனியாகச் சுத்தமான துணி கொடு. ஷிப்ட் முடிந்து கழுவியதும், ஈரம் முழுக்கக் காயும் முன் வாசலின் தடவட்டும். வேலைக்கு முன் பூசும் கிரீமை மட்டும் நம்பாதே, சீக்கிரம் கரைந்துபோகும்.

மோதிரத்தைக் கழற்றச் சொல். அதன் அடியிலும் விரலிடுக்கிலும்தான் முதலில் சிவந்து செதில் எழும். ஒருவனுக்கு லீவில் ஊருக்குப் போனால் ஆறி, திரும்பி வந்ததும் மறுபடி கிளம்பினால் காரணம் வேலைதான். அவன் உடம்பு வாகு அப்படி என்று யார் சொன்னாலும் கேட்காதே. அந்த ஆளை ஈ.எஸ்.ஐ. தோல் மருத்துவரிடம் அனுப்பி, எந்தப் பொருள் ஒவ்வவில்லை என்று தோலில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் எடுக்கச் சொல். கூலன்ட்டில் என்ன கலந்திருக்கிறது என்று சொல்லும் பாதுகாப்புத் தாளையும் கையோடு கொடுத்துவிடு.

மூன்று டேங்கின் ரீடிங்கையும் எடுத்து எழுது, சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
செல்வம்