குதிரைத்தலைப் பிடில் இன்னும் இரண்டு வேண்டும்

அன்புடையீர்,

அமெரிக்காவின் டென்வரும் மங்கோலியத் தலைநகர் உலான்பாத்தரும் 2001 முதல் சகோதர நகரங்கள். அதற்காக மங்கோலியர்களான நாங்கள் டென்வரில் குடிவந்தோம் என்று சொன்னால் பொய். படிப்பு, வேலை என்று ஆளுக்கொரு காரணம். வந்து பார்த்தால் தூரத்தில் மலை, வறண்ட காற்று. குளிரோ எங்கள் ஊர்க் குளிருக்கு முன்னால் ஒன்றுமேயில்லை. ஒட்டிக்கொண்டோம்.

சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்துகிறோம். மொரின் கூர் என்கிற குதிரைத்தலைப் பிடில்தான் முக்கியப் பாடம். அதற்கு இரண்டே தந்திகள். மரபுப்படி ஒன்று ஆண் குதிரையின் வால்முடி, மற்றது பெண் குதிரையுடையது. எங்களிடம் இருந்த இரண்டு பிடில்களில் ஒன்றின் முகப்பலகை போன குளிர்காலத்தில் விரிசல் விட்டுவிட்டது. மிச்சமிருக்கும் ஒன்றை ஏழு பிள்ளைகள் முறைபோட்டு வாசிக்கிறார்கள். முறை வராதவர்கள் மூலையில் உட்கார்ந்து ஆட்டின் கணுக்கால் எலும்பை உருட்டுகிறார்கள். அது விழுகிற பக்கத்தைப் பொறுத்துக் குதிரை, ஒட்டகம், செம்மறி, வெள்ளாடு. உண்மையைச் சொன்னால், சிலர் இதற்காகவே வருகிறார்கள்.

அப்புறம் எழுத்து. மேலிருந்து கீழாக எழுதும் பழைய மங்கோலிய எழுத்து. 1940களில் ரஷ்ய மொழியின் எழுத்தான சிரிலிக் வந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. இந்த எழுத்தின் கையெழுத்துக் கலையை, அவசரமாகக் காக்க வேண்டிய மரபுகளின் பட்டியலில் 2013இல் யுனெஸ்கோ சேர்த்தது. எங்கள் மாணவி ஒருத்தி தன் பெயரைத் தூரிகையால் எழுதி, வீடியோ அழைப்பில் பாட்டியிடம் காட்டினாள். பாட்டி போனை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்துவிட்டு, "என்னம்மா எழுதியிருக்கே?" என்று கேட்டார். அவரும் சிரிலிக்கில் படித்தவர்தான்.

மங்கோலியாவில் ஜூலை 11 முதல் 13 வரை நாதாம் திருவிழா. இங்கே அதை ஒரு நாள் கொண்டாடப் போகிறோம். மல்யுத்தம், வில்வித்தை, பிள்ளைகளின் கச்சேரி எல்லாம் உண்டு. குதிரைப் பந்தயம் கிடையாது. பூங்காவில் அதற்கு யார் அனுமதி தருவார்கள்?

இதற்கெல்லாம் உங்கள் உதவி வேண்டும். முதலில் இரண்டு பிடில்கள். அடுத்து தூரிகை, மை, காகிதம். ஒரு பிள்ளைக்கு 20 டாலர் போதும். மிஞ்சினால் மண்டப வாடகைக்கு. பத்து டாலரானாலும் ரசீது தருவோம், வரவுசெலவுக் கணக்கை விழாவன்றே ஒட்டிவைப்போம். பணமாகத் தர இயலாதவர்கள் கூடாரம் கட்ட ஒரு கை கொடுங்கள்.

சனிக்கிழமை நேரிலும் வந்து பார்க்கலாம். பால் தேநீர் தருவோம். உப்புப் போட்டதுதான், சர்க்கரை கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
விழாக் குழுவினர்