கோல் கீப்பர் ஆகிவிட்ட உன் மகளுக்காக

அன்புள்ள தோழிக்கு,

அம்மாவின் கண் ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது தானே பேப்பர் வாசிக்கிறா, அதனால் அந்தக் கவலையை விட்டுவிடு. வீட்டில் மற்ற எல்லோரும் சுகம். வலயமட்டப் போட்டிகள் கிட்டவந்துவிட்டன, பள்ளிக்கூடம் விட்டதும் ரீமைப் பழக்க நேரே மைதானம்தான், இருட்டின பிறகுதான் வீடு. பதில் எழுதப் பிந்தியது அதனால்தான்.

இனி மகளின் விசயம். லண்டனில் அவளுடைய வலைப்பந்தாட்டக் கழகத்தில் இவ்வளவு காலமும் முன்னுக்கு நின்று கோல் போடுகிற கோல் அட்டாக் ஆடியவளைத் திடீரென்று பின்னுக்கு நின்று மறிக்கிற கோல் கீப்பராகப் போட்டுவிட்டார்கள், பிள்ளை வீட்டுக்கு வந்து அழுதாள் என்று எழுதியிருந்தாய். அவளுக்கு ஏன் அழுகை வந்தது என்று விளங்குகிறது. கூடையில் போடுகிறவளுக்குத்தான் கைதட்டு, அவள் பெயரைத்தான் கூப்பிடுவார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகளை முன்னுக்குப் போட்டுவிட்டு மிஞ்சினவர்களைப் பின்னுக்கு விடுகிற பழக்கம் நாங்கள் ஆடின காலத்திலும் இருந்தது, இன்றைக்கும் எத்தனையோ ரீம்களில் அப்படித்தான். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. ஏன் என்று சொல்கிறேன், நீ அவளுக்கு ஆறுதலாக எடுத்துச் சொல்லு.

வலைப்பந்தாட்டத்தில் யார் கோல் போட்டாலும் நடுவிலிருந்து ஆட்டத்தைத் திரும்பத் தொடங்குகிற சென்டர் பாஸ் இரண்டு ரீமுக்கும் மாறி மாறித்தான் வரும், அது உனக்குத் தெரியும். அப்படியென்றால் இரண்டு ரீமும் தங்கள் தங்கள் சென்டர் பாஸைக் கொண்டுபோய்ப் பிழையில்லாமல் போட்டுக்கொண்டே இருந்தால் 60 நிமிடம் ஆடினாலும் ஆட்டம் சமமாகத்தான் நிற்கும். முன்னுக்குப் போவதற்கு ஒரே வழி, அவர்களுடைய சென்டர் பாஸில் வந்த பந்தை நாங்கள் பறிப்பது. அதைச் செய்கிறது யார்? கோல் போடுகிற ஷூட்டர் அல்ல, பின்னுக்கு நின்று மறிக்கிறவர்கள்தான். 2018இல் கோல்ட் கோஸ்ட் பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில் இங்கிலாந்து அவுஸ்திரேலியாவை வென்றது 52-51. அடுத்த வருடம் லிவர்பூலில் உலகக் கிண்ண இறுதியாட்டம், நியூசிலாந்து அதே அவுஸ்திரேலியாவை வென்றதும் 52-51. இரண்டு தங்கமும் ஒற்றைக் கோலில் போனது! அந்த ஒன்றுக்குப் பின்னால் எத்தனை கை பந்தைத் தட்டிவிட்டிருக்கும், எத்தனை பாஸ் போக வழியில்லாமல் திரும்பியிருக்கும் என்று நினைத்துப் பார். மகளை ஜீவா மென்டரின் ஆட்டத்தைத் தேடிப் பார்க்கச் சொல்லு, 20 வருடங்களுக்கு மேல் இங்கிலாந்துக்கு ஆடிய கோல் கீப்பர். பந்தை விட்டுவிட்டு அவவின் கால்களை மட்டும் பார்க்கச் சொல்லு.

ஏனென்றால் தடுப்பு என்பது காலில்தான் தொடங்குகிறது. புதிதாகப் பின்னுக்கு வருகிற பிள்ளைகள் எல்லோரும் கையைத்தான் நம்புவார்கள், பந்து பறந்து வரும்போது எட்டிக் குதித்துப் பிடிப்பதுதான் தடுப்பு என்று நினைப்பார்கள். அது கடைசியில் நடக்கிறது. அதற்கு முன்பே வேலை முடிந்திருக்கவேண்டும். ஷூட்டர் இடப்பக்கம் போவதுபோலக் காட்டி வலப்பக்கம் வெட்டுவாள், அந்த நேரம் பெரிய எட்டு வைத்தால் திரும்ப முடியாது, சின்னச் சின்ன அடியாக, குதி நிலத்தில் படாமல், அவள் போக நினைக்கிற வழியில் முதலே போய் நிற்கவேண்டும். அப்புறம் பார்வை. நேரே ஷூட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றால் பந்து தெரியாது, பந்தைப் பார்த்தால் ஆள் நழுவிவிடுவாள். பாதித் திரும்பி நின்று ஒரு பக்கக் கண்ணில் ஆளும் மறுபக்கக் கண்ணில் பந்தும் வைத்திருக்கப் பழகவேண்டும். அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம், மாதக்கணக்கில் எடுக்கும், இடையில் பிள்ளை வெறுத்துப்போவாள், விடாதே.

இன்னொன்று, ஆள் எங்கே நிற்கிறாள் என்று அறிய முதுகுக்குப் பின்னால் கையால் தடவிப் பார்க்கிற பழக்கம். ஆளில் கை பட்டால் நடுவர் உடனே கொன்டாக்ட் என்று பிழை ஊதிவிடுவார். பந்து எறிகிறவளின் கையை விட்டுப் போகுமட்டும் கை உடம்போடு ஒட்டி இருக்கட்டும். என் பிள்ளைகளுக்கு நான் பழக்குகிறபோது இரண்டு கையிலும் கைக்கொரு ரெனிஸ் பந்தைக் கொடுத்துவிட்டு மறிக்கச் சொல்லுவேன், பிடிக்கக் கை வெறுமையாக இருக்காது, வேறு வழியில்லாமல் கால் வேலை செய்யத் தொடங்கும்.

ஷூட்டர் பந்தைப் பிடித்துவிட்டாள் என்றால் அடுத்தது அந்த 0.9 மீற்றர். அவளுடைய கால் பதிந்த இடத்திலிருந்து மூன்று அடி பின்னுக்குப் போய்த்தான் கையை உயர்த்தலாம், அதற்குள் நின்று மறித்தால் ஒப்ஸ்ரக்ஷன் என்ற பிழை, தண்டனையாக மகள் பக்கத்தில் பேசாமல் நிற்க ஷூட்டர் ஆறுதலாகக் கோல் போடுவாள். ஒரு நல்ல தடுப்புக்காரிக்கு அந்தத் தூரம் அளவுகோல் இல்லாமல் உடம்பிலேயே இருக்கவேண்டும். சோக்கால் கோடு கீறி, பந்து பிடிபட்ட உடனே பின்னுக்குப் பாய்ந்து கோட்டில் நிற்கச் சொல்லிப் பழக்கு, வீட்டு முற்றத்திலும் செய்யலாம். பிறகு அங்கிருந்து ஒற்றைக் காலில் முன்னுக்குச் சாய்ந்து கையை நீட்டி, தள்ளாடி உள்ளே விழாமல் நிற்பது. எறிகிறவளுக்கு 3 செக்கன்தான் இருக்கிறது. சில நேரம் பந்தில் கையே படாது, ஆனால் கையைப் பார்த்து அவள் கொஞ்சம் உயர்த்தி எறிவாள், வளையத்தில் பட்டுத் திரும்பும். அது மகளுடைய கணக்குத்தான், புத்தகத்தில் யாரும் எழுதமாட்டார்கள், நீ எழுதி வை.

உயரமான ஷூட்டர்கள் வந்தால் மகள் என்ன செய்கிறது என்று கேட்டாயே. இலங்கை ரீமுக்கு ஷூட்டராக ஆடிய எங்கள் புன்னாலைக்கட்டுவன் பக்கத்துத் தர்ஜினி சிவலிங்கத்தை யோசித்துப் பார், 6 அடி 10 அங்குலம். வளையம் 3.05 மீற்றர் உயரத்தில், அவவுக்குத் தலைக்கு மேலே உயர்த்தி எறிந்தால் மறிக்கிறவளுக்கு முன்னுக்கு நின்றாலும் எட்டாது, பின்னுக்கு நின்றாலும் எட்டாது. 2018இல் சிங்கப்பூரில் இலங்கை ஆசிய சம்பியன் ஆனபோது எதிர்த்து ஆடினவர்கள் பட்ட பாடு அதுதான். அப்படிப்பட்ட ஆளைக் கோல் கீப்பர் தனியாக மறிக்கவே முடியாது, அதை மகளுக்கு முதலிலேயே சொல்லிவிடு, இல்லாவிட்டால் எல்லாம் தன்னால்தான் என்று நினைப்பாள். மறிக்கவேண்டியது பந்து வருகிற வழியை. கம்பத்தைச் சுற்றியுள்ள கோல் வட்டத்தின் விளிம்புக்கு, ஷூட்டருக்குப் பந்து கொடுக்கிற அவர்களுடைய விங் அட்டாக்கும் சென்டரும் வந்து நின்று ஆறுதலாக எறிய விடக்கூடாது, எங்கள் விங் டிபென்ஸும் சென்டரும் அவர்களை வெளியே தள்ளிவைத்தால் தூரத்திலிருந்து எறியவேண்டி வரும், தூரத்துப் பந்து காற்றில் அதிக நேரம் நிற்கும், அப்போதுதான் கீப்பருக்கு ஒரு வாய்ப்பு. அதோடு கம்பத்துக்குக் கீழே உள்ள இடத்தை முதலே போய்ப் பிடித்து வைத்திருக்கவேண்டும். முதலில் வந்து நிற்கிறவளுக்கு அந்த இடம் சொந்தம், இடித்துத் தள்ளாமல் நின்றால் போதும். வட்டத்தின் ஆரம் 4.9 மீற்றர், கம்பத்தடியில் போடுகிறவளை 4 மீற்றருக்குத் தள்ளினால் எவ்வளவு உயரமானவளுக்கும் அது வேறு ஆட்டம்.

நாங்கள் சின்னனில் கிளித்தட்டு விளையாடினது ஞாபகம் இருக்கிறதா? மறிக்கிறவர்கள் ஒவ்வொருவரும் தன் தன் கோட்டைத்தான் காப்பார்கள், ஓடுகிறவளுக்குப் பின்னால் போகமாட்டார்கள். நியூசிலாந்துக்காரர் பேர் எடுத்த சோன் தடுப்பும் அப்படித்தான், ஆளைத் துரத்தாமல் இடைவெளிகளை அடைக்கிறது. ஆனால் இதை மகளுக்கு இப்போது சொல்லாதே. ஆளுக்கு ஆள் மறிக்கத் தெரியாத பிள்ளைகளுக்குச் சோன் பழக்கினால் எல்லோரும் நடுவில் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள், நான் வடிவாகப் பார்த்திருக்கிறேன்.

எடி, இதையெல்லாம்விட முக்கியமான ஒன்று குரல். எங்கள் ரீமில் இந்த முறை கோல் கீப்பர் ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை, வகுப்பில் பெயர் கூப்பிட்டால்கூட அரைவாசிதான் கேட்கும். பெண்பிள்ளைகளைச் சத்தம் போடாதே என்று சொல்லித்தானே வளர்க்கிறோம். ஆனால் கோல் கீப்பர் எல்லோருக்கும் பின்னால் நிற்கிறாள், முழு மைதானமும் அவளுக்குத்தான் தெரிகிறது, அவள் வாய் திறக்காவிட்டால் முன்னுக்கு நிற்கிற கோல் டிபென்ஸ் கண்ணைக் கட்டினதுபோல. “முன்னுக்கு”, “பின்னுக்கு”, “மாறு”, இந்த மூன்று சொல்லையும் மட்டும் கொடுத்து, மைதானத்தின் மறு கோடியில் நான் நிற்கிறேன், எனக்குக் கேட்கவேண்டும் என்றேன். முதல் கிழமை முழுக்க வெட்கப்பட்டுச் சிரித்தாள். இப்போது அவளுடைய சத்தத்தில்தான் மற்ற ஆறு பேரும் நகருகிறார்கள். போன கிழமை அவளுடைய தாய் வந்து, வீட்டிலும் கதைக்கத் தொடங்கிவிட்டாள் ரீச்சர் என்று சொன்னபோது எனக்கு வந்த சந்தோசம் எந்தக் கிண்ணத்திலும் வந்ததில்லை.

மகளுடைய பயிற்றுநர் ஏன் மாற்றினார் என்று நீ போய்ச் சண்டை பிடிக்காதே, மகளையே கேட்கச் சொல்லு. ஷூட்டராக இருந்தவள் பின்னுக்கு வருவதில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது, எதிரில் நிற்கிறவள் எப்போது வெட்டுவாள், எந்தப் பக்கம் பந்தைக் கேட்பாள் என்று அவளுக்கு உள்ளுக்குள்ளேயே தெரியும். அதைக் கண்டுதான் மாற்றியிருப்பார்கள் என்று எனக்குப் படுகிறது.

அவள் ஆடுகிறதை ஆட்டத்தின் கால்பகுதி, ஒரு குவார்ட்டர் முழுக்கப் படம் எடுத்து அனுப்பு. பந்துக்குப் பின்னால் கமராவைக் கொண்டு திரியாதே, கோல் கம்பத்துப் பக்கம் வைத்து அவளுடைய கால் தெரியும்படி எடு. பார்த்துவிட்டு அவளுக்கே குரல்பதிவில் சொல்கிறேன். நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறீர்கள் என்றால் அவளுடைய சப்பாத்தையும் கொண்டு வரச் சொல்லு, என் பிள்ளைகளோடு பின்னேரங்களில் ஆடலாம்.

அன்புடன்,
உன் பழைய கோல் டிபென்ஸ்